படம் பிடிக்கவும் ஒரு பட்டப்படிப்பா?



ஹுத்தான் மெலிந்தாங்கில் எங்கள் தொலைக்காட்சி அரங்கத்தின் ஒளிப்பதிவு நடந்துகொண்டிருந்தது. "எஸ்.பி.எம். முடிந்தது, அடுத்து என்ன?" என்பது அன்றைய தலைப்பு. மருத்துவம், பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி என்று பேச்சு வழக்கமான பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"ஏம்மா, என் மக யூனிவர்சிட்டியில போட்டோகிராபி படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குறா. படம் புடிக்கிறதுக்கு ஒரு படிப்பா? கல்யாண வீட்டுல படம் புடிக்கிற தம்பிங்க எல்லாம் எந்த யூனிவர்சிட்டிக்குப் போனாங்க? கைபேசியிலயே எல்லாரும் எடுக்குறாங்க. இது ஆடம்பரம்மா. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எதுக்கு?"

மண்டபம் சிரித்தது. மகள் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஆர்வம் இருந்தால் எதையும் படிக்கலாம் ஐயா" என்று, எந்த அறிவிப்பாளரும் நேரம் போதாதபோது சொல்லும் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன். அது என் ஊர்ப் பக்கம் வேறு. தெலுக் இந்தானிலிருந்து பகான் டத்தோ போகும் சாலையில் திரும்பி வரும்போது செம்பனை மரங்களுக்கு நடுவே அந்தப் பெண்ணின் குனிந்த தலைதான் கண்ணில் நின்றது. அடுத்த அரங்கத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசினேன். அந்தப் பேச்சைத்தான் அச்சுக்காகச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

பெரியவர் சொன்ன 'ஆடம்பரம்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். புகைப்படக் கலையை ஆடம்பரம் என்று சொன்னவர்களில் அவர் முதல்வர் அல்லர். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னை ஆளுநர் ஒருவர் அதையே சொல்லி, ஒரு பெரிய வேலையைப் பாதியில் நிறுத்தினார். அந்த வேலையில் ஒரு தமிழ் மாணவப் பரம்பரை சம்பந்தப்பட்டிருந்தது. நம்மில் பலருக்கு அந்தக் கதை தெரியாது.

சென்னையில் தொடங்கிய வகுப்பு

புகைப்படம் எடுக்கும் முறை பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அப்போது அது சாதாரண விஷயமல்ல. விஞ்ஞானிகளும் பணக்காரர்களும் மட்டுமே தொட்டுப் பார்த்த ஒன்று.

1850-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் என்பவர் சென்னை பிராட்வே பகுதியில் தம் சொந்த முயற்சியில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கைத்தொழில் கலைகளும் அதில் சேர்க்கப்பட்டன. 1855-ல் அரசாங்கம் பள்ளியை ஏற்றுக்கொண்டது. இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி என்ற பெயரில் இயங்குவது அதன் தொடர்ச்சிதான். மண்பாண்டம், மரச் செதுக்கு, உலோக வேலை ஆகியவற்றோடு, 1850களின் நடுவில் அங்கே புகைப்படமும் கற்பிக்கப்பட்டது. 1856-ல் ஹண்டர் முன்னின்று சென்னைப் புகைப்படச் சங்கத்தையும் ஏற்படுத்தினார். பம்பாயில் எல்பின்ஸ்டன் கல்வி நிலையம் 1855-லேயே புகைப்பட வகுப்பைத் தொடங்கியிருந்தது. அங்கே படித்த ஹரிச்சந்த் சிந்தாமன் பின்னாளில் பம்பாயின் முதல் இந்தியப் புகைப்படக்காரர்களில் ஒருவரானார்.

இதை வேறு நாடுகளோடு ஒப்பிட்டால்தான் அதன் அருமை விளங்கும். இங்கிலாந்தின் இராணுவப் பொறியாளர்களுக்கு சாத்தம் நகரப் பள்ளியில் புகைப்பட வகுப்பு தொடங்கியது 1856-ல். ஐரோப்பாவில் பெயர் பெற்ற வியன்னா புகைப்படப் பயிற்சி நிலையம் பிறந்தது 1888-ல். ஆக, புகைப்படத்தை வகுப்பில் உட்கார்ந்து படிப்பது நமக்கு நேற்று வந்த மேல்நாட்டு மோகமன்று. சென்னை மாணவர்கள் உலகத்தின் முதல் வரிசையிலேயே இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் என்ன படித்தார்கள் என்கிறீர்களா? முதலில் இரசாயனம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஒரே சீராக ஊற்ற வேண்டும். அதை இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே கேமராவில் வைத்துப் படம் பிடித்து, காய்வதற்குள் இருட்டறைக்கு ஓடிவந்து கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்தப் பசை மளமளவென்று காய்ந்துவிடும். சில நிமிடங்கள்தான் கெடு. பிறகு, முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்தால் படம் மெல்ல மெல்ல எழும்பும். வேலை முடிந்து பார்த்தால் விரல்கள் கறுத்திருக்கும். வெள்ளி நைட்ரேட் கறை சோப்புக்குப் போகாது. கேமரா மட்டும் இருந்தால் போதும் என்று யாரும் அப்போது சொல்லியிருக்க முடியாது.

ஐயாசாமி என்ற ஆசிரியர்

சென்னை மாகாண அரசு 1856-ல் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரியை அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தது. பர்மாவில் படம் எடுத்துத் தேர்ந்தவர் அவர். 1857 இறுதியிலும் 1858-லும் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று அலைந்தார். மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் அன்று எப்படி இருந்தன என்பதை நாம் இன்று பார்க்க முடிகிறது என்றால் அதற்கு அந்தப் படங்கள் பெரும் காரணம்.

தஞ்சையில் அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அப்போது அந்தக் கல்வெட்டுகளை யாரும் முழுமையாகப் படித்துச் சொல்லவில்லை. அந்தக் கோயிலைக் கட்டியவன் இராஜராஜ சோழன் என்று கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் நிறுவியதே 1880களில்தான். படிக்கத் தெரிவதற்கு முன்பே, அழிந்து போகாமல் இருக்கட்டும் என்று படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்! எனக்கு இது எப்போதும் வியப்பைத் தருவது.

டிரைப் இதையெல்லாம் தனியாகச் செய்யவில்லை. அவரிடம் உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் சி. ஐயாசாமி. ஆங்கிலப் பதிவுகளில் 'இயாசாமி' என்பது போன்ற எழுத்துக்கூட்டில் இருக்கும். இந்த ஐயாசாமி பிறகு ஹண்டரின் பள்ளியிலேயே புகைப்படம் கற்பிக்கும் ஆசிரியரானார். ஒரு தமிழர், 1860 வாக்கில், அரசாங்கப் பள்ளியில் புகைப்பட ஆசிரியர். நம் பாடப்புத்தகங்களில் எங்காவது இந்தப் பெயரைப் பார்த்திருக்கிறோமா?

இப்போது ஆடம்பரத்துக்கு வருகிறேன். 1857-ல் வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கிய செலவில் கஜானா காலியானது. 1859-ல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவல்யன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். டிரைப்பின் புகைப்படப் பிரிவு கண்ணில் பட்டது. இன்றைய நிதி நிலைமைக்கு ஒவ்வாத உயர்ந்த ஆடம்பரம் இது என்ற பொருளில் எழுதி, மூடச் சொல்லிவிட்டார். எடுக்க வேண்டிய எத்தனையோ ஊர்கள் எடுக்கப்படாமலே நின்றன. டிரைப் அதன் பிறகு பெரிய அளவில் படமே எடுக்கவில்லை.

ஆனால் பள்ளி நிற்கவில்லை. அதிகாரியின் பிரிவை மூட முடிந்தது; மாணவர்கள் கற்றுக்கொண்டதை மூட முடியவில்லை. 1873-ல் வெளிவந்த, நீலகிரியின் தோடர், கோத்தர் முதலான பழங்குடிகளைப் பற்றிய பிரீக்ஸின் நூலுக்குப் படம் எடுத்துக் கொடுத்தது அந்தச் சென்னைக் கலைப் பள்ளிதான். இன்றும் ஆய்வாளர்கள் அந்தப் படங்களைத் தேடிப் போகிறார்கள்.

பினாங்கில் இரண்டு பேர்

அதெல்லாம் தமிழ்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்கக்கூடும். கடலைத் தாண்டி இங்கே வருவோம்.

ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் 1862-ல் சிங்கப்பூருக்கு வந்தார். பின்னாளில் சீனாவையும் அங்கோர் வாட்டையும் படம் எடுத்து உலகப்புகழ் பெற்றவர். அவர் ஏறக்குறைய பத்து மாதங்கள் பினாங்கிலும் அதன் எதிர்க்கரையான புரோவின்ஸ் வெல்லஸ்லியிலும் தொழில் செய்தார். வேலைக்கு ஆள் வேண்டுமே! சீனப் பணியாளர்கள் இது பேய் வேலை என்று ஒதுங்கிக்கொண்டார்களாம். ஆகவே சென்னைப் பக்கத்திலிருந்து வந்திருந்த இருவரைச் சேர்த்து, தொழிலைக் கற்றுக் கொடுத்து, படம் அச்சிடுபவர்களாகவும் உதவியாளர்களாகவும் வைத்துக்கொண்டார். 1875-ல் வெளியான தம் பயண நூலில் தாம்சனே இதை எழுதியிருக்கிறார்.

கவனியுங்கள். மலாயாவில் தோட்டத்துக்கு ஆள் கட்டும் ரப்பர் காலம் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், பினாங்கில் இரண்டு பேர் வெயிலில் தாள் காய வைத்துப் படம் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மலேசிய மண்ணில் நம்மவர் புகைப்படத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அங்கேதான் என்று சொன்னால் தவறாகாது. தாம்சன் அவர்களுடைய தோற்றத்தை வருணித்திருக்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை.

அந்தப் பெயரில்லாத இருவரைப் பற்றி நான் அரங்கத்தில் சொன்னபோது மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? அதற்குப் பிறகு நாம் கேமராவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டோம். சிங்கப்பூரின் லாம்பர்ட் நிறுவனம் போன்றவை விற்ற படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் 'கிளிங் பெண்', 'தமிழ்க் கூலி' என்ற தலைப்புகளோடு நம்மவர்கள் நிற்கிறார்கள். மூக்குத்தி தெரிகிறது, தண்டட்டி தெரிகிறது, தோளில் கிடக்கும் துண்டு தெரிகிறது. ஆள் யாரென்று தெரியாது.

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்காரர் 1906-ல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். சுற்றிலும் இன்னும் எத்தனையோ தோட்டங்கள். தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்களும் தென்னந்தோப்பில் காய் உரித்தவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். பழைய தோட்டத்துக் குழுப் படங்கள் சில வீடுகளில் இருக்கும். பார்த்திருப்பீர்கள். நடுவில் நாற்காலியில் துரை. பக்கத்தில் கிராணி. பின்னால் நிமிர்ந்து நிற்கும் கங்காணி. தரையில் சம்மணமிட்டு நம் தாத்தா பாட்டிகள். படத்தின் அடியில் எழுத்து இருந்தால், பெரும்பாலும் துரையின் பெயர்தான் இருக்கும்.

பாட்டியின் அட்டிகை

என் பாட்டிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அடையாளக் கார்டுப் படம்.

1948-ல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், மலாயாவில் 12 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் பெயர் பதிந்து, படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. கம்யூனிஸ்டுகளிடமிருந்து மக்களைப் பிரித்தறிவதற்கான ஏற்பாடு அது. அதனால்தான் கம்யூனிஸ்டுகள் பல இடங்களில் அந்தக் கார்டுகளைப் பறித்துக் கிழித்தார்கள். ஆனால் அதன் பக்க விளைவு ஒன்று உண்டு. என் பாட்டியைப் போன்ற எத்தனையோ தோட்டத்துப் பெண்களுக்கு, கேமராவின் முன் முதன்முதலாக உட்காரும் வாய்ப்பைக் கொடுத்தது அந்தச் சட்டம்தான். சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது, நேரே பார். அவ்வளவுதான்.

பாட்டி இறந்ததும் அந்த ஐ.சி. படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டினோம். பட்டணத்துப் படக்கடைக்காரர் தம் கைவண்ணத்தில் ஓர் அட்டிகையையும் சேலைக்குச் சரிகைக் கரையையும் வரைந்து கொடுத்தார். உயிரோடு இருந்தபோது பாட்டி போடாத நகை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அதில் தவறு சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பால் வாளி தூக்கிய அந்தக் கையை யாராவது ஒருவர் படம் எடுத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் இன்றுவரை போகவில்லை.

மலேசியப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பினாங்கைச் சேர்ந்த இஸ்மாயில் ஹாஷிம், 1940-ல் பிறந்தவர். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, படித்த பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராக இருந்தார். கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, அதற்குக் கையால் மெல்லிய வண்ணம் தீட்டுவது அவருடைய பாணி. 1986-ல் அவர் பினாங்கில் எதைத் தேடிப் போனார் தெரியுமா? இந்தியர்கள் நடத்திய முடிதிருத்தும் கடைகளை. அந்தச் சுழல் நாற்காலிகளையும் கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரே சட்டத்தில் அடுக்கி 'குந்திங் ரம்புட்' என்று பெயரிட்டார். நம்மவர்கள் முடிவெட்டிக்கொண்டு எழுந்து வந்த நாற்காலியில், ஒரு படித்த கண் வரலாற்றைப் பார்த்தது. 2013-ல் ஒரு விபத்தில் அவர் காலமானார். அந்தக் கடைகளிலும் பல இன்று இல்லை.

எங்கள் பட்டணத்துப் படக்கடைக்காரரும் படத்துக்கு வண்ணம் தீட்டினார், இஸ்மாயில் ஹாஷிமும் தீட்டினார். கைத்திறனில் இருவரும் சளைத்தவர்கள் அல்லர். பிறகு எங்கே வேறுபாடு? எதைப் படம் எடுக்க வேண்டும், ஏன் எடுக்க வேண்டும், நாளைக்கு யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தில். அதைத்தான் மூன்று நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

வகுப்பறையில் என்ன கிடைக்கும்?

நான் படித்தது பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா. அதில் புகைப்படம் ஒரே ஒரு பாடம், ஒரே ஒரு பருவம். அந்த ஒரு பருவத்தில் நான் கற்றதே இன்றைக்கும் சோறு போடுகிறது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தால் முகம் எப்படித் தெரியும் என்பதை அங்கேதான் கற்றேன். கேமராவுக்கு முன் எங்கே நிற்பது என்று எனக்கு இன்றும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முழுப் பட்டமாகப் படிப்பவர்களுக்கு இன்னும் நிறைய. ஒளியியல், வண்ணம், அச்சு, கலை வரலாறு, செய்திப் படத்தின் அறம், பழைய படங்களைக் காப்பது என்று விரியும். சட்டமும் உண்டு. உதாரணத்துக்கு ஒன்று: நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போய்விடும். பெரியவர் குறிப்பிட்ட கல்யாண வீட்டுத் தம்பிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாமல் ஒப்பந்தமே இல்லாமல் எடுத்துவிட்டு, பிறகு தம் படத்தைத் தாமே விளம்பரத்துக்குப் போட முடியாமல் திண்டாடியவர்களை நான் அறிவேன். தம்பிகள் கெட்டிக்காரர்கள்தாம். படித்திருந்தால் இன்னும் நாலு காசு பார்த்திருப்பார்கள்.

எங்கே படிப்பது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1967-ல் ஐ.டி.எம். கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கியது. இன்று யு.ஐ.டி.எம். ஆக வளர்ந்திருக்கும் அங்கே புகைப்படத்துக்குத் தனிப் படிப்பு உண்டு. ஆனால் அதன் கதவு பூமிபுத்திரா மாணவர்களுக்கு உரியது. நம் பிள்ளைகள் மற்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் நுண்கலை, தகவல் தொடர்பு, திரைப்படம், மல்டிமீடியா துறைகளுக்குள் நுழைந்து, அங்கே புகைப்படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அல்லது தனியார் கலைக் கல்லூரிகளுக்குப் போக வேண்டும். அங்கே கட்டணம் கூடுதல். 1997-ல் உருவான பி.டி.பி.டி.என். கடனுதவி, அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குக் கிடைக்கும். சேருவதற்கு முன் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு, காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கு அனுப்ப வசதியுள்ள பெற்றோர் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று எல்லாரும் சொல்லும் நிறுவனத்தை அறிவார்கள். 1945-ல் தொடங்கியது; இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இருக்கிறது. 'நாயகன்' படத்தின் ஒளியும் நிழலும் இன்னும் கண்ணில் நிற்கிறதல்லவா? அதை ஒளிப்பதிவு செய்த பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். 'பம்பாய்' படத்தை ஒளிப்பதிவு செய்த ராஜீவ் மேனனும் அங்கே படித்தவரே. சினிமாவில் கொட்டகை இருட்டில் உட்கார்ந்து கைதட்டும்போது, இது ஒரு படிப்பு என்று நமக்குத் தோன்றுவதில்லை.

வேலை கிடைக்குமா? இந்தக் கேள்விக்குத் தேன் தடவிப் பதில் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் சிகாகோ சன் டைம்ஸ் பத்திரிகை 2013-ல் தன் புகைப்படப் பிரிவில் இருந்த 28 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நிருபர்களுக்குக் கைபேசியில் படம் எடுக்கப் பயிற்சி கொடுத்தது. நம் நாட்டிலும் பத்திரிகைகள் மூடப்பட்டன. 1924-ல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றது. செய்திப் புகைப்படக்காரர் என்ற நிலையான மாதச் சம்பள வேலை சுருங்கிவிட்டது. அதே சமயம் விளம்பரம், பொருட்காட்சி, மருத்துவப் படம், தடயவியல், அருங்காட்சியகம், ஒளிப்பதிவு என்று வேறு பக்கங்களில் வேலை இருக்கிறது. அங்கே போக, விலையுயர்ந்த கேமரா வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் போதாது. சான்றிதழும், எடுத்த படங்களின் தொகுப்பும் கேட்பார்கள். பெண் பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையலாமா என்ற கேள்வியும் அன்று மண்டபத்தில் மெல்ல எழுந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போன பாட்டிகளின் பேத்திகளிடம் அதைக் கேட்பது எனக்கு விசித்திரமாகப் பட்டது. அவ்வளவுதான் சொல்வேன்.

பணம் இல்லாத வீட்டில் ஒரு தகப்பன் யோசிக்கத்தான் வேண்டும். டிரெவல்யனும் யோசித்துத்தான் மூடினார். கஜானா காலி என்பது பொய்யில்லை. ஆனால் அவர் மூடியதால் எந்தெந்த ஊர் எடுக்கப்படாமல் போனது என்ற கணக்கு அவருடைய புத்தகத்தில் இல்லை. எங்கள் வட்டாரத்தில் லயங்கள் இடிபடுகின்றன. தோட்டத்துக் கோயில்கள் இடம் மாறுகின்றன. ரப்பர் இருந்த இடம் செம்பனையாகி, செம்பனை இருந்த இடம் வீடமைப்புப் பகுதியாகிறது. பெரட்டுக்களத்தில் அடித்த மணி எங்கே தொங்கியது என்று காட்டுவதற்குக்கூடச் சில இடங்களில் ஆள் இல்லை. இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் பெரியவரிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்த இரண்டாவது ஒளிப்பதிவுக்கும் அவர் வந்திருந்தார், மகளோடு. நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார். "அந்தக் கடன் காசுல கேமராவும் வாங்கலாமாம்மா, இல்ல பீசுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டார். பீசு போக மிச்சம் இருந்தால் வாங்கலாம் ஐயா, ஆனால் உடனே வாங்க அவசரப்பட வேண்டாம், இரவல் கேமரா தருவார்களா என்று கல்லூரியில் முதலில் கேளுங்கள் என்றேன். தலையாட்டினார். சம்மதமா இல்லையா என்று நானும் கேட்கவில்லை.

பிறகு கையிலிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தார். தோட்டத்துக் குழுப் படம். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. "இது எங்க அப்பா" என்று தரையில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரைக் காட்டினார். மகள் என்னிடம் பென்சில் கேட்டாள். பேனா மை தாளில் ஊறி முன்பக்கத்தைக் கெடுத்துவிடும், பென்சில்தான் நல்லது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. பெரியவர் முகம் முகமாகத் தொட்டுப் பெயர் சொல்ல, அவள் படத்தின் பின்புறத்தில் வரிசை போட்டு எழுதிக்கொண்டே போனாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணிடம் வந்து அவர் விரல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவங்க பேரு ஆத்தாவுக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் போயி கேட்டு எழுதிக்க" என்றார்.

அவள் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பெயருக்குப் போனாள்.